சிதைந்த பல்லும் இழந்த பல்லும்: சீரமைப்புச் சிகிச்சைக்கு முதன்முறையாகச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பல் உடைந்துவிட்டது என்றோ, எப்போதோ பிடுங்கிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்றோ சிகிச்சைக்குக் கிளம்புகிறவர்களில் பலர், அங்கே என்ன வைப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்புகிறார்கள். ஒருவர் எலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்பிளான்ட்தான் வேண்டும் என்பார். இன்னொருவர் இம்பிளான்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்து, பக்கத்துப் பற்களைச் செதுக்கி, அவற்றின்மேல் பாலம்போல் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் போட்டுவிடுங்கள் என்பார். உண்மையில், எதை வைப்பது என்பது இந்தச் சிகிச்சையில் கடைசியாக விடை காணவேண்டிய கேள்வி. அந்தப் பல் ஏன் போயிற்று, அதைத் தாங்கிய ஈறும் எலும்பும் இன்று எந்த நிலையில் உள்ளன, வாயை மூடும்போது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் எங்கே எப்படிச் சந்திக்கின்றன என்ற மூன்றையும் அறிந்த பிறகே அதற்கு வரமுடியும். இந்த வரிசையை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவர், நாற்காலியில் சாய்ந்தபடி அவசரமாகத் தலையாட்ட வேண்டியிராது.

யாரிடம் செல்வது

ஒரு பல்லை அடைப்பதற்கும், ஒரு பல்லை உறைபோல் மூடும் கேப் போடுவதற்கும் பொதுப் பல் மருத்துவரே போதும். பல பற்கள் ஒருசேரப் போயிருந்தாலோ, எல்லாப் பற்களும் தேய்ந்து முகத்தின் கீழ்ப்பகுதியே குறுகியதுபோல் தெரிந்தாலோ, பிறவியிலேயே பல பற்கள் முளைக்காமல் இருந்தாலோ, விபத்தினாலோ புற்றுநோய் அறுவைச் சிகிச்சையினாலோ தாடையின் ஒரு பகுதி நீங்கியிருந்தாலோ, செயற்கைப் பல் சீரமைப்பில் சிறப்புப் பயிற்சி பெற்றவரை நாடவேண்டும். புரோஸ்தோடான்டிஸ்ட் என்று அழைக்கப்படும் இவர், பல் மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு, பல நாடுகளில் ஏறத்தாழ 3 ஆண்டுகள், இதற்கென்றே படித்தவர். வேர் சிகிச்சைக்கும் ஈறு சிகிச்சைக்கும் அறுவைக்கும் தனித்தனி நிபுணர்கள் இருக்கிறார்கள் என்றாலும், முடிவில் வாயில் நிற்கப்போகும் பல் எப்படி இருக்கவேண்டும் என்பதை முதலில் வரைந்து, மற்றவர்களின் வேலையை அதற்கேற்ப வரிசைப்படுத்துபவர் இவரே. இவருக்குப் பின்னால், நோயாளி பெரும்பாலும் காணாத இன்னொருவரும் இருக்கிறார்: ஆய்வுக்கூடத்தில் அந்தப் பல்லைச் செய்துதரும் தொழில்நுட்பர். நல்ல கேப்புக்கான பாராட்டில் பாதியாவது அவருக்குச் சேரவேண்டியது.

போகும்போது உட்கொள்ளும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்காகவோ புற்றுநோய்க்காகவோ பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளோ டெனோசுமாப் ஊசியோ பெறுகிறவர்களுக்கு, பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு; தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் அப்படியே. பல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிச் சொல்லாமல் விடப்படுவது பெரும்பாலும் இதுதான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிட்டு வரக்கூடாது. அதைப் பல் மருத்துவரும் அந்த மாத்திரையைத் தந்த மருத்துவரும் கலந்து பேசித்தான் முடிவு செய்யவேண்டும். சர்க்கரை நோயின் கட்டுப்பாடு, புகைப்பழக்கம், உலோக ஒவ்வாமை ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்கள் இருந்தால் கொண்டுபோகலாம். உடைந்துபோன பழைய பல்செட்டும் பயன்படும், ஏனென்றால் அதில் எது சரியாக இருந்தது, எது தொந்தரவு தந்தது என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே கணித்துவிடுவார். பற்கள் இருந்த காலத்தில் சிரித்தபடி எடுத்த ஒரு புகைப்படம், பல்லின் வடிவத்தையும் நீளத்தையும் முடிவு செய்வதில் எந்த விவரிப்பையும்விட உதவும்.

முதல் நாளில் நடப்பவை

முதல் நாளிலேயே பல்லைச் செதுக்கத் தொடங்காத மருத்துவரைக் கண்டு சலித்துக்கொள்ள வேண்டாம். சிக்கலான வாய்க்கு அதுவே நல்ல அறிகுறி. அன்று நடப்பது பெரும்பாலும் அளவெடுப்புதான். மெல்லிய கோல் ஒன்றால் ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஈற்றின் இடுக்கை அளப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரையிலான ஆழம் இயல்பானது, அதற்கு மேல் போகப்போக, அடியில் எலும்பு கரைந்திருக்கிறதோ என்ற ஐயம் வலுக்கும். எக்ஸ்ரே எடுப்பார்கள், இம்பிளான்ட் பற்றிய பேச்சு இருந்தால், எலும்பின் அகலத்தையும் நரம்பு ஓடும் பாதையையும் முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன் தேவைப்படும். மேல், கீழ்ப் பற்களை அச்சு எடுத்தோ, வாய்க்குள் செலுத்தும் சிறு கேமராவால் ஸ்கேன் செய்தோ, இரு தாடைகளும் கடிக்கும் முறையைப் பதிவு செய்வார்கள்.

தேய்மானம் இருந்தால் அதன் வடிவமே காரணத்தைச் சொல்லும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி தட்டையாகத் தேய்ந்திருக்கும். இரைப்பை அமிலம் மேலேறி வருபவர்களுக்கோ, அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கோ, மேல் முன்பற்களின் உட்புறம், நாக்குப் படும் பக்கம், வழவழவென்று கரைந்திருக்கும். இந்தக் காரணம் தொடர்ந்து நீடிக்கையில் மேலே எவ்வளவு அழகான செராமிக்கை ஒட்டினாலும், கேப் நிற்கும், அதன் ஓரத்தில் பல் கரைந்துகொண்டே போகும். ஆகவே சில வேளைகளில் பல் சீரமைப்பின் முதல் படி இரைப்பை மருத்துவரிடம் போவதாகவும் இருக்கலாம்.

இதற்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியும் பலன் ஏதுமில்லாத ஒரு கட்டம் வரும். பல்லில் கெட்டியாகப் படிந்த காறையை நீக்குதல், ஈறு சிகிச்சை, சொத்தைகளைத் துப்புரவாக்கித் தற்காலிகமாக அடைத்தல், காப்பாற்றவே முடியாத பற்களை எடுத்தல் எனச் சில வாரங்களோ மாதங்களோ போகும். பொறுமையிழந்து இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஈறு வீங்கி இரத்தம் கசியும் வாயில் எடுத்த அச்சு துல்லியமாக இராது. வீக்கம் வடிந்ததும் ஈறு சுருங்கி, கேப்பின் விளிம்பு வெளியே தெரியத் தொடங்கும்.

இருக்கும் பல்லைக் காப்பது

மிகவும் சிதைந்த பல்லைப் பற்றி மருத்துவர் முதலில் பார்ப்பது, ஈற்றுக்கு மேலே எவ்வளவு உறுதியான பல் எஞ்சியிருக்கிறது என்பதை. பீப்பாயின் பலகைகளை இரும்பு வளையம் இறுக்கிப் பிடிப்பதுபோல, கேப்பின் சுவர் உறுதியான பல்லைச் சுற்றிப் பிடித்திருக்கவேண்டும். அப்படிப் பிடிப்பதற்குச் சுற்றிலும் ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பல் வேண்டும். அது இல்லாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, வேருக்குள் ஒரு கம்பியைச் செருகி, மேலே பொருளை நிரப்பிக் கேப் மாட்டினாலும், கடிக்கும் விசை முழுவதும் அந்தக் கம்பியின் வழியே வேருக்குப் போகும். கேப் கழன்று விழும், அல்லது வேரே நெடுக்காகப் பிளந்துபோகும். நெடுக்காகப் பிளந்த வேரைப் பெரும்பாலும் காப்பாற்ற இயலாது.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாகவேண்டும். வேருக்குள் வைக்கும் கம்பி பல்லுக்கு வலுவூட்டுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது வலுவூட்டுவதில்லை, மேலே நிரப்பும் பொருள் நழுவாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அந்தக் கம்பிக்கு இடம் செய்ய வேரின் உட்புறத்தைக் கூடுதலாகக் குடைய நேர்ந்தால், வேர் இன்னும் பலவீனமாகும். கடைவாய்ப் பற்களில் வேர்த்துளை அறையின் சுவர்களே நிரப்பும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அங்கே கம்பி பல நேரங்களில் தேவைப்படாது. "கம்பி அவசியமா?" என்று நீங்கள் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

எஞ்சிய பல்லின் உயரம் போதாவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. பல்லைச் சுற்றியுள்ள ஈற்றையும் சிறிது எலும்பையும் அறுவை மூலம் தாழ்த்திப் பல்லை வெளிக்கொணரலாம். அல்லது பல் வரிசைச் சீரமைப்புக் கம்பியால் வேரை மெல்ல மெல்ல வெளியே இழுக்கலாம். முன்பற்களுக்கு இரண்டாவது வழி நேரம் பிடித்தாலும் ஈற்றின் கோடு பார்வைக்குக் கெடாமல் இருக்கும். இரண்டுக்கும் நீளமான வேர் வேண்டும் என்பதால், வேர் குட்டையான பல்லுக்கு இவை பொருந்தா.

பல்லின் பெரும்பகுதி உறுதியாகவே இருந்தால் முழுக் கேப் தேவைப்படாமலும் போகலாம். கடிக்கும் மேற்பரப்பையும் உடைந்த முகட்டையும் மட்டும் மூடும் செராமிக் துண்டை ஒட்டுவதில், செதுக்கும் அளவு மிகவும் குறைவு. முழுக் கேப்புக்குக் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை செதுக்க நேரிடும். செதுக்கிய எனாமல் ஒருபோதும் திரும்ப வளராது. ஆயினும் வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லை மூடாமல் விட்டால் முகடுகள் பிளக்கும் ஆபத்து அதிகம் என்பதால், அங்கே செதுக்கி மூடுவதுதான் சிக்கனம்.

கேப் எந்தப் பொருளில் இருக்கவேண்டும் என்பதை இடமே பெரும்பாலும் முடிவு செய்யும். பின்பற்களுக்கு உறுதியான செராமிக் வகையான சிர்கோனியாவோ, உலோகத்தின்மேல் செராமிக் பூசியதோ, முழு உலோகமோ வரும். ஒளி ஊடுருவும் தோற்றம் தேவைப்படும் முன்பற்களுக்குக் கண்ணாடித் தன்மையுள்ள செராமிக் வகைகள் வரும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் வேலையின் தொடக்கத்திலேயே நடக்கட்டும். வாயை நெடுநேரம் திறந்துவைத்திருந்தால் பல் உலர்ந்து வெளிறித் தெரியும். அப்போது பொருத்திப் பார்க்கும் நிறம் மறுநாள் அளவுக்கு மீறி வெளுப்பாகத் தோன்றும்.

பிடுங்குவதற்கு முன்

பல்லை எடுத்தே ஆகவேண்டும் என்று முடிவானால், எடுத்த பிறகு அங்கே என்ன வரப்போகிறது என்பதை எடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். பல்லைத் தாங்குவதற்காகவே இருக்கும் எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்கும். கரைவதில் பெரும்பங்கு முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடும், உதட்டுப் பக்கமுள்ள மெல்லிய சுவரே முதலில் போகும். பின்னால் இம்பிளான்ட் வைப்பதாக இருந்தால், பிடுங்கும்போதே குழியில் எலும்புத் துகள் நிரப்பி அகலத்தைப் பாதுகாக்கும் வழியைப் பற்றிக் கேட்கலாம். முன்பல்லாக இருந்தால் அன்றே மாட்டிக்கொள்ளத் தற்காலிகப் பல் ஒன்றும் தயாராக இருக்கவேண்டும்.

இடைவெளியை நிரப்புவது

எல்லா இடைவெளியையும் நிரப்பத்தான் வேண்டுமா? கட்டாயமில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கேய்சர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 1981இல் முன்வைத்த கருத்து இங்கே நினைவுகூரத்தக்கது: முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் நல்ல நிலையில் ஒன்றையொன்று சந்தித்தால், கடைவாய்ப்பற்கள் இல்லாமலேயே பலரால் போதிய அளவு மெல்லமுடியும். கடைசிக் கடைவாய்ப்பல் போய், எதிரே பல்லும் இல்லாமல், பக்கத்துப் பல்லும் சாயாமல் இருந்தால், அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கவனித்து வருவதும் ஒரு சிகிச்சை முடிவுதான். மாறாக எதிர்ப்பல் இடைவெளிக்குள் இறங்கத் தொடங்கினாலோ, பக்கத்துப் பல் சாய்ந்தாலோ காத்திருக்கக்கூடாது.

நிரப்புவதென்றால் பொதுவாக நான்கு வழிகள். இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி அவற்றின்மேல் தாங்கும் பிரிட்ஜ். அந்தப் பற்கள் ஏற்கெனவே பெரிய அடைப்புடனோ கேப்புடனோ இருந்தால் இது நியாயமான தேர்வு, ஒரு கீறலும் இல்லாத பற்களாக இருந்தால் அவற்றைச் செதுக்க மனம் வரக்கூடாது. பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் மெல்லிய சிறகுபோல ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப் பிரிட்ஜ். முன்பல் ஒன்று மட்டும் இல்லாத இடத்தில் இது கையாளத்தக்கது, கழன்றால் பல்லுக்குச் சேதமின்றித் திரும்ப ஒட்டலாம். கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட். அக்ரிலிக்கில் செய்தது தடிமனாக இருக்கும், கோபால்ட் குரோமியம் சட்டத்தில் செய்தது மெல்லியதாகவும் பற்கள்மீது தாங்குவதாகவும் இருக்கும். நான்காவது இம்பிளான்ட்.

இம்பிளான்ட் என்பது பல் அன்று, வேருக்கு மாற்று. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வர் பிரோனெமார்க் 1950களில் முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய்வதற்காகப் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கமுடியாமல் எலும்பு அதைப் பற்றிக்கொண்டதைக் கவனித்தார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பதித்தார். இன்று வைக்கப்படுவதும் அந்தத் தத்துவத்தில்தான்: எலும்புக்குள் திருகு, அதன்மேல் இடைத்துண்டு, அதன்மேல் கேப். முன்பெல்லாம் எலும்பு பற்றுவதற்குக் கீழ்த்தாடையில் 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதமும் காத்திருப்பது வழக்கம். திருகின் மேற்பரப்பு மேம்பட்டதால் பலருக்கு இந்தக் காலம் குறைந்திருக்கிறது. ஆனால் எலும்பு போதாமல் ஒட்டு வைத்தாலோ, மேல்தாடையின் பின்பகுதியில் காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தினாலோ கூடுதல் மாதங்கள் ஆகும். ஒரே நாளில் பல் என்று சொல்லப்படுவது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பொருந்துகிறவர்களுக்கும் அன்று கிடைப்பது பெரும்பாலும் தற்காலிகப் பல்லே.

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் ஒரு நாரிழை உண்டு. இம்பிளான்ட்டுக்கு அது இல்லை. அதனால் அழுத்தம் அதிகமாவதை இம்பிளான்ட் பல் அளவுக்கு உணர்த்தாது. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள், இரவில் பற்களின்மேல் மாட்டும் காப்புறையான நைட் கார்டு இல்லாமல் இம்பிளான்ட் வைத்துக்கொண்டால் செராமிக் உடைவதோ திருகு தளர்வதோ நேரலாம். சொத்தை வராது என்பது உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறு அழற்சியுற்று எலும்பு கரையும் நோய் வரலாம், முன்பு ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். கேப்பைச் சிமெண்டால் ஒட்டுவதா, திருகால் மாட்டுவதா என்றும் கேளுங்கள். ஈற்றுக்கு அடியில் பிதுங்கி நின்றுவிட்ட சிமெண்ட், அந்த நோய்க்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. தாடை வளர்ச்சி முடியாத இளம் வயதினருக்கு இம்பிளான்ட் வைப்பதில்லை. மற்றப் பற்கள் தாடையோடு வளர்ந்து இறங்க, இது மட்டும் நின்ற இடத்திலேயே நின்று குட்டையாகத் தெரியும்.

பல்லே இல்லாத தாடை

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். முழுப் பல்செட் முதல் வாரத்தில் இருக்கிற சொல்லையும் கொஞ்சம் குழற வைக்கும். வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகினால் நாக்கு சில வாரங்களில் தன் புதிய இடத்தைக் கண்டுகொள்ளும். மேல் பல்செட் அண்ணத்தை முழுவதும் மூடி, உமிழ்நீரின் மெல்லிய படலத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ்ப் பல்செட்டுக்கு அந்த வசதி இல்லை. லாட வடிவில் இருக்கும் அதை நாக்கு ஒருபக்கமும் கன்னம் மறுபக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, பல் போன கீழ்த்தாடை எலும்பு, மேல்தாடையைவிட ஏறத்தாழ 4 மடங்கு வேகத்தில் குறைவதை, 25 ஆண்டுகள் வரை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியான ஆய்வு காட்டியது. கீழ் செட் ஆடுகிறது என்று புலம்புகிறவர்கள் தங்கள் மருத்துவரையோ தங்களையோ குற்றம் சொல்வதற்கு முன் இதை அறிந்திருப்பது நல்லது.

இதற்கு இன்று நல்ல தீர்வு இருக்கிறது. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு இம்பிளான்ட்டுகள் வைத்து, பொத்தான்போல் அவற்றின்மேல் பல்செட்டை மாட்டிக் கழற்றலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லற்ற கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்கவேண்டியது இதுதான் என்று அறிவித்தார்கள். கழற்றவே வேண்டாத வகையில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இம்பிளான்ட்டுகளில் முழு வரிசையையும் நிறுத்தும் முறையும் உண்டு. அதைச் சுத்தம் செய்வதற்குக் கையில் திறனும் மனத்தில் பொறுமையும் வேண்டும் என்பதால், கைநடுக்கம் உள்ள முதியவர்களுக்குக் கழற்றக்கூடிய செட்டே ஏற்றது என்பது என் கருத்து.

முழு செட் செய்யும்போது மெழுகில் பற்களைப் பதித்து வாயில் வைத்துப் பார்க்கும் நாள் ஒன்று வரும். அன்று நெருங்கிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; பல்லின் நிறமும், சிரிக்கும்போது தெரியும் அளவும், உதட்டின் புடைப்பும் அன்றுவரைதான் எளிதாக மாற்றத்தக்கவை.

எழுத்தில் ஒரு திட்டம்

பரிசோதனை முடிந்ததும் திட்டத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதில் ஒவ்வொரு கட்டமும், அதற்காகும் காலமும் செலவும், மாற்று வழிகளும் இருக்கவேண்டும். ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் ஒரு மாற்று வழியாக அதில் இடம்பெறவேண்டும். நான் எவருக்கும் கேட்கச் சொல்லும் கேள்வி இன்னொன்று: "இது தோற்றுப்போனால் அடுத்து என்ன செய்யமுடியும்?" ஒட்டுப் பிரிட்ஜ் தோற்றால் வழக்கமான பிரிட்ஜும் இம்பிளான்ட்டும் கைவசம் இருக்கும், பெரிய பிரிட்ஜ் தோற்றால் தாங்கிய பற்களும் சேர்ந்தே போகக்கூடும். பின்வாங்க வழி விட்டுவைக்கும் சிகிச்சையை முதலில் தேர்ந்தெடுப்பது, குறிப்பாக இளையவர்களுக்கு, விவேகமானது. ஆரோக்கியமான பல பற்களை ஒரே அமர்வில் செதுக்கவேண்டும் என்று சொல்லப்பட்டால், இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்கத் தயங்கவேண்டாம்.

வேலை முடிந்த பிறகு

கேப்பானாலும் பிரிட்ஜானாலும் சொத்தை நுழைவது அதன் விளிம்பில்தான். தூரிகை ஈற்றோரத்தைத் தொடவேண்டும். பிரிட்ஜின் அடியிலும் இம்பிளான்ட்டைச் சுற்றியும், பல் இடுக்குத் தூரிகையோ நுனி விறைப்பான தனிவகை நூலோ தேவைப்படும். கடிக்கும்போது புதிய கேப் மட்டும் முதலில் இடித்தால், பழகிவிடும் என்று விடாமல் சில நாட்களுக்குள் சரிசெய்துகொள்ளுங்கள்.

பல்செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்கவேண்டும். இரவும் பகலும் அணிந்தே இருந்தால் அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். கொதிநீரில் போட்டால் அக்ரிலிக் கோணிக்கொள்ளும். பற்பசை அதன் பளபளப்பைக் கீறிவிடும் என்பதால் மென்மையான சோப்பும் தனித் தூரிகையும் போதும். கழுவும்போது கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரம் இருந்தால், கை நழுவினாலும் உடையாது. புண் செய்யும் இடத்தை நீங்களே அரத்தால் ராவக்கூடாது. மருத்துவரிடம் போவதற்கு முன் சில மணிநேரமாவது செட்டை அணிந்திருங்கள். புண் எங்கே என்று அவருக்குத் தெரிந்தால்தான் சரியான இடத்தைக் குறைக்கமுடியும். எலும்பு மாறிக்கொண்டே இருப்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செட்டின் உட்புறத்தை மறுபடி நிரப்பிப் பொருத்தவேண்டியிருக்கும்.

இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்கள் அதன் தயாரிப்பு நிறுவனம், வகை, விட்டம், நீளம், வைத்த தேதி ஆகியவற்றைக் குறித்த அட்டையைக் கேட்டு வாங்கி, மற்ற மருத்துவ ஆவணங்களோடு பத்திரப்படுத்துங்கள். திருகுகளின் தலைவடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். 10 ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் திருகு தளர்ந்து நிற்கும்போது, எந்தத் திருப்புளி பொருந்தும் என்பதை அந்த மருத்துவருக்குச் சொல்ல அந்த அட்டை மட்டுமே இருக்கும்.